நாவாத்ல் ஓவிய எழுத்தில் ஆட்பெயர்கள்: தலைக்குப் பின்னால் இருக்கும் படத்தை எப்படிப் படிப்பது?

ஓலைநறுக்கு (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். அஸ்டெக் என்று நாம் பொதுவாக அழைக்கும் மக்களும் மெக்சிகோ பள்ளத்தாக்கில் அவர்களுக்கு அண்டையில் வாழ்ந்த நகரத்தாரும் பேசிய நாவாத்ல் மொழியில், ஆட்பெயர்களை எப்படிக் குறித்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ளச் சில மாதங்களாக முயன்று வருகிறேன். ஸ்பானியர் வெற்றிக்குப் பின் வரையப்பட்ட ஓவியச் சுவடியான மெண்டோசா சுவடியின் முதற்பகுதியில், பாயின் மேல் அமர்ந்திருக்கும் ஒவ்வோர் அரசரின் தலைக்குப் பின்னாலும் ஒரு சிறு படம் இருக்கிறது. அதை ஒரு மெல்லிய கோடு தலையோடு இணைக்கிறது. ஒருவருக்குப் புகையும் கேடயம், இன்னொருவருக்கு முதுகெங்கும் கூர்ங்கற்கள் முளைத்த பாம்பு, வேறொருவருக்கு நாணல்களை இறுகப் பற்றிய கை என்று அவை அமைந்துள்ளன.

என் ஐயம் இதுதான். புகையும் கேடயத்தைப் பார்க்கும் எவரும் அதைத் தம் மொழியிலேயே ‘புகையும் கேடயம்’ என்று சொல்லிவிடலாம். அப்படியானால் அந்தப் படம் ஒரு குலச்சின்னத்தைப் போலப் பொருளை மட்டுந்தானே காட்டுகிறது? அது நாவாத்ல் மொழியின் ஒலியோடு கட்டுண்ட எழுத்து என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? அந்தப் பெயரை முன்பே கேட்டிராத ஒருவர், படத்தை மட்டும் பார்த்துப் பெயரைச் சரியாக ஒலித்திருக்க முடியுமா?

மைக்கூடு

வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட கேடயத்திலிருந்தே தொடங்குகிறேன். கேடயத்துக்கு நாவாத்லில் ‘சிமால்லி’ என்று பெயர். ‘போப்போக்கா’ என்றால் ‘புகைகிறது’ என்று பொருள். இரண்டும் சேர்ந்தால் சிமால்போப்போக்கா, அதாவது அஸ்டெக் தலைநகரான தெனோச்தித்லானின் மூன்றாம் அரசர். இங்கே ‘லி’ என்னும் ஈறு விடுபட்டிருப்பதைக் கவனியுங்கள். நாவாத்ல் பெயர்ச்சொற்கள் தனித்து நிற்கும்போது ‘த்ல்’, ‘த்லி’, ‘லி’, ‘இன்’ போன்ற ஈறுகளைப் பெறும். தொகைச்சொல்லின் உள்ளே வரும்போது அவற்றை இழக்கும். ‘மரம்’ என்பது ‘மரவேர்’ என்னும் தொகையில் ‘மர’ என்று நிற்பதைப் போன்றது இது. ஓவிய எழுத்துக் குறிகள் இந்த அடிச்சொல்லைத்தான் தருகின்றன. ஈற்றை வாசிப்பவர் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நகரத்தை நிறுவியவராகப் போற்றப்படும் தெனோச்சின் பெயர்க்குறியும் இப்படிப்பட்டதே. கல்லின் மேல் முளைத்த சப்பாத்திக்கள்ளியே அது. கல் ‘தெத்ல்’, கள்ளிப்பழம் ‘நோச்த்லி’. ஈறுகளை நீக்கினால் ‘தெ’, ‘நோச்’ என்பவை மிஞ்சும். ஆனால் இவ்வகை எடுத்துக்காட்டுகள் உங்கள் ஐயத்தைத் தீர்க்க மாட்டா என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் இவற்றில் படத்தின் பொருளும் பெயரின் பொருளும் ஒன்றாகவே இருக்கின்றன. பொருளும் ஒலியும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடத்தைத்தான் நாம் தேட வேண்டும்.

அத்தகைய இடத்தை 1849-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் ஓபின் எடுத்துக்காட்டினார். நான்காம் அரசரான இட்ஸ்கோவாத்லின் பெயரில் இரண்டு சொற்கள் உள்ளன: எரிமலைக் கண்ணாடிக்கல்லைக் குறிக்கும் ‘இட்ஸ்த்லி’, பாம்பைக் குறிக்கும் ‘கோவாத்ல்’. மெண்டோசா சுவடி இதனை, நீங்கள் பார்த்தபடி, கூர்ங்கற்கள் பதிந்த பாம்பாக வரைகிறது. ஆனால் தெஸ்கோக்கோ நகரைச் சார்ந்த தெபெத்லாவோஸ்தோக் என்னும் ஊர்ப்பகுதியின் குடிகளையும் நிலங்களையும் பதிவதற்காக 1540-களில் எழுதப்பட்ட வெர்காரா சுவடியில், இதே பெயர் பாம்பே இல்லாமல் எழுதப்பட்டுள்ளது. அங்கே இருப்பவை ஒரு கண்ணாடிக்கல் அலகு, ஒரு பானை, நீர் ஆகிய மூன்றுமே. பானைக்குக் ‘கோமித்ல்’ என்று பெயர். அதிலிருந்து ‘கோ’ என்னும் அசை கிடைக்கிறது. நீருக்கு ‘ஆத்ல்’ என்று பெயர். அதிலிருந்து ‘ஆ’ கிடைக்கிறது. இட்ஸ், கோ, ஆ என்று மூன்றையும் சேர்த்தால் அப்பெயரின் அடிச்சொல் முழுமையாக வந்துவிடுகிறது. நாவாத்ல் அறியாத ஒருவர் இதனைப் பார்த்துக் ‘கண்ணாடிக்கல், பானை, நீர்’ என்றுதான் சொல்வார். பாம்பு அவர் நினைவுக்கே வராது. மொழியின் ஒலியை விட்டுவிட்டால் இந்த மூன்று படங்களும் சேர்ந்து எதையும் சொல்வதில்லை என்பதால், இதனை எழுத்து என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ‘மதி’ என்னும் சொல் நிலவையும் அறிவையும் குறிப்பதால், அறிவுடைய ஒருவரின் பெயரை எழுத நிலவை வரைவதாக எண்ணிப் பாருங்கள். அதன் உள்ளியல்பு புலப்படும்.

ஆறாம் அரசரான ஆஷாயாக்காத்லின் பெயர் எனக்கு இன்னும் நுட்பமானதாகத் தோன்றுகிறது. அச்சொல் ஏரிநீரில் வாழும் ஒரு சிறு பூச்சிக்கும் பெயர். எழுத்தர் அந்தப் பூச்சியை வரைந்திருக்கலாம். ஆனால் சுவடிகளில் நாம் காண்பது ஒரு மனித முகமும் அதில் வழியும் நீருமே. முகத்துக்கு ‘ஷாயாக்காத்ல்’ என்று பெயர், நீருக்கு ‘ஆ’. சிறிய பூச்சியை வரைந்தால் அது எந்தப் பூச்சி என்று வாசிப்பவர் தடுமாறக்கூடும். முகமும் நீரும் அத்தகைய தடுமாற்றத்துக்கு இடந்தருவதில்லை. எட்டாம் அரசரான ஆவிட்ஸோத்லின் குறியில் வேறொரு முறை உண்டு. நீரில் வாழ்வதாகச் சொல்லப்பட்ட அவ்வுயிரியையே வரைந்து, அதன் முதுகில் நீரையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த நீர் உயிரியின் வாழிடத்தைக் காட்டுவதோடு, பெயர் ‘ஆ’ என்னும் ஒலியில் தொடங்குகிறது என்பதையும் நினைவூட்டுகிறது.

அறியாத பெயரைப் படித்திருக்க முடியுமா என்று கேட்டீர்கள். குறிகளுக்கு இடமிருந்து வலமாகவோ மேலிருந்து கீழாகவோ கட்டாய வரிசை கிடையாது. அவை ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஒன்றனுள் ஒன்றாகவும் ஒரே உருவாகத் தொகுக்கப்படும். உயிர்நெடிலும் குறிலும் வேறுபடுத்தப்படுவதில்லை. நாவாத்லில் பொருளையே மாற்றக்கூடிய குரல்வளைத் தடையொலியும் (தொண்டையில் மூச்சை ஒரு கணம் அடைத்து எழுப்பும் ஒலி) எழுதப்படுவதில்லை. ஆயினும் அக்காலத்தில் வழங்கிய பெயர்களின் அமைப்பு வாசிப்பவருக்குத் தெரிந்திருந்ததால், கண்ணாடிக்கல்லையும் பானையையும் நீரையும் எந்த வரிசையில் ஒலித்தால் ஒரு பெயர் பிறக்கும் என்பதை அவர் எளிதில் கண்டிருப்பார் என்றே கருதுகிறேன்.

செங்காந்தள்

மைக்கூடு சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் எல்லாப் பெயர்க்குறிகளும் ஒலியை முழுமையாகத் தருகின்றன என்ற எண்ணம் எவருக்கும் எழுந்துவிடக் கூடாது என்பதற்காக, எதிர்த்திசையில் நிற்கும் ஒரு சான்றை முன்வைக்கிறேன்.

ஐரோப்பிய வழக்கில் மான்டெசுமா என்று சிதைந்துபோன பெயரின் சரியான வடிவம் மொதெயுக்ஸோமா. ‘தலைவனைப் போலச் சினந்து முகம் சுளிக்கிறான்’ என்பது அதன் பொருள். இந்தப் பெயருக்கு வழக்கமாக வரையப்படுவது, தலைவர்கள் அணியும் கூர்முனை கொண்ட நீலமணி முடி மட்டுமே. அம்முடி ‘தெயுக்த்லி’, அதாவது தலைவன், என்னும் சொல்லைத் தருகிறது. முன்னால் உள்ள ‘மொ’வும் பின்னால் உள்ள ‘ஸோமா’வும் அக்குறியில் இல்லை. பெயரை முன்பே அறிந்தவர்தாம் அதை நிறைவுசெய்ய முடியும். இப்பெயரில் இரண்டு அரசர்கள் இருந்ததால், மூத்தவருக்கு ‘இல்வீக்காமீனா’, அதாவது ‘வானை அம்பால் எய்கிறான்’, என்னும் மறுபெயரும் வழங்கியது. வேறு சில சுவடிகளில் அம்பு தைத்த வானத்தை வரைந்து அவரைப் பிரித்துக் காட்டியுள்ளார்கள். ஆகவே ஒரே எழுத்துமுறையின் ஒரு முனையில் வெர்காராவின் இட்ஸ்கோவாத்ல் முழு ஒலியோடும், மறுமுனையில் மொதெயுக்ஸோமா ஒற்றைச் சொல்லின் சுருக்கமாகவும் நிற்கிறார்கள்.

இந்த வேறுபாட்டை எப்படி விளக்குவது என்பதில்தான் அறிஞர்கள் பிரிந்து நிற்கிறார்கள். ஸ்பானியர் கொண்டுவந்த அகரவரிசை எழுத்தைப் பார்த்த பிறகே ஓவிய எழுத்தர்கள் ஒலியை நோக்கி நகர்ந்தார்கள் என்பது ஒரு கருத்து. எழுத்தர் மரபுகள் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டன, தெஸ்கோக்கோ பகுதியின் எழுத்தர்கள் ஒலிக்குறிகளை மிகுதியாகவும் தெனோச்தித்லான் எழுத்தர்கள் குறைவாகவும் ஆண்டார்கள் என்பது 2008-இல் அல்ஃபோன்ஸோ லாகதேனா முன்வைத்த கருத்து. அவர் அசைக்குறிகளின் அட்டவணை ஒன்றையும் வெளியிட்டார். இரண்டில் இரண்டாவதே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது, ஏனெனில் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே ஆட்சியின்கீழ் எழுதப்பட்ட மெண்டோசாவும் வெர்காராவும் இந்த அளவுக்கு வேறுபடுவதை ஸ்பானியத் தாக்கம் என்ற ஒன்றைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. என்றாலும் படையெடுப்புக்கு முந்தைய நாவாத்ல் சுவடிகள் நமக்கு மிக அரிதாகவே கிடைத்துள்ளன. எனவே முடிந்த முடிபாக இதைச் சொல்ல நான் துணிய மாட்டேன்.

சுவடிகள் இல்லாத இடத்தில் கற்கள் சற்றே உதவுகின்றன. தெனோச்தித்லானின் பெருங்கோயில் விரிவாக்கத்தை ஒட்டி, 1487-க்கு இணையான ‘எட்டு நாணல்’ ஆண்டுக்குறியோடு செதுக்கப்பட்ட பச்சைக்கல் பலகையில், தீஸோக்கும் ஆவிட்ஸோத்லும் எதிரெதிரே நிற்கிறார்கள். இருவருக்கும் அவரவர் பெயர்க்குறி பொறிக்கப்பட்டுள்ளது. 1791-இல் மெக்சிகோ நகரின் மையச் சதுக்கத்தில் தோண்டியெடுக்கப்பட்ட, தீஸோக்கின் பெயரால் வழங்கும் பெரிய வட்டக்கல்லிலும் கால் வடிவில் அமைந்த அவரது குறியைக் காணலாம். ஸ்பானியர் 1519-இல் கரையிறங்குவதற்கு முன்பே ஆளுக்குப் பெயர்க்குறி இடும் வழக்கம் முழுமையாக நிலைபெற்றிருந்தது என்பதை இக்கற்கள் ஐயமின்றிக் காட்டுகின்றன. அசைகளால் முழுப்பெயரையும் எழுதும் வழக்கத்தின் தொன்மையைத்தான் இவற்றால் நிறுவ இயலவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தில் போர் என்றால் எரிந்து சாயும் கோயில், சாவு என்றால் துணியால் சுற்றிக் கட்டிய உடல் என்று நிகழ்ச்சிகள் எல்லாம் எந்த மொழியினரும் ஊகித்தறியக்கூடிய படங்களாகவே உள்ளன. ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் வரும்போதுதான் எழுத்தர் ஒலியைத் தேடுகிறார். நிகழ்ச்சியை எந்தச் சொற்களாலும் எடுத்துரைக்கலாம். ஒருவரின் பெயரை அந்தப் பெயராலேயே சொல்லியாக வேண்டும் என்பதே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

ஓலைநறுக்கு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பானையும் நீரும் பாம்பாக மாறும் எடுத்துக்காட்டு என் ஐயத்தைப் பெருமளவு தீர்த்துவிட்டது. தொடர்ந்து இரண்டு செய்திகளை அறிய விரும்புகிறேன். நாவாத்ல் மொழியில் பொருளே இல்லாத ஸ்பானியப் பெயர்களை இவர்கள் எப்படி எழுதினார்கள்? மேலும், குழந்தை பிறந்த நாளின் பெயரையே அதற்கு இட்டார்கள் என்றும் படித்தேன்; அவ்வாறாயின் சுவடிகளில் நாட்பெயர்கள் ஏன் குறைவாகவே தென்படுகின்றன?

வெண்சுண்ணம்

முதற்கேள்விக்கு மிகச் சிறந்த விடை, இன்று பிரான்சின் தேசிய நூலகத்தில் உள்ள தெலேரியானோ-ரெமென்சிஸ் சுவடியில் இருக்கிறது. அதில் ஸ்பானிய அரசப் பேராளரான அந்தோனியோ தெ மெண்டோசாவின் பெயருக்கு ஓர் ஆனைக்கற்றாழையும் மண்ணைக் குடைந்து வாழும் ஒரு வளையெலியும் வரையப்பட்டுள்ளன. கற்றாழை ‘மெத்ல்’, அந்த எலி ‘தோஸான்’. இரண்டையும் சேர்த்தால் ‘மெ-தோஸா’ என்று ஒலிக்கும். நாவாத்லில் மென்மையான ‘ட’கர ஒலி இல்லாததால் வல்லொலியே அதன் இடத்தைப் பிடித்தது, அசையின் இறுதியில் வரும் ‘ன்’ எழுத்தில் விடுபடுவதும் இயல்பே. அந்த அதிகாரிக்கும் கற்றாழைக்கும் எலிக்கும் பொருளளவில் எந்த உறவும் இல்லை. ஆகவே ஒலியைப் பிடிக்கும் திறன் இவ்வெழுத்துக்கு உண்டா என்று எவரேனும் கேட்டால், நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

அதே சுவடியில், 1541-இல் இறந்த ஸ்பானியப் படைத்தலைவர் பேத்ரோ தெ அல்வராதோவுக்குச் சூரியனின் உரு குறியாக உள்ளது. இது ஒலிப்பெயர்ப்பு அன்று. அவருடைய பொன்னிறத் தலைமயிரையும் தோற்றத்தையும் கண்ட நாவாக்கள் (நாவாத்ல் பேசிய மக்கள்) அவரைச் சூரியன் என்னும் பொருளில் ‘தோனாத்தியூ’ என்று அழைத்தார்கள். எழுத்தர் அந்தப் பட்டப்பெயரை வரைந்தார். ஒரே சுவடியில் ஒரு ஸ்பானியருக்கு அவருடைய மொழியின் ஒலியும், இன்னொருவருக்கு மக்கள் இட்ட பெயரும் எழுதப்பட்டிருப்பது, எழுத்தர் பதிந்தது மக்கள் வாயில் வழங்கிய பெயரையே என்பதை உணர்த்துகிறது. கிறித்தவ மன்றாட்டின் தொடக்கமான ‘பாத்தெர் நோஸ்தெர்’ என்னும் இலத்தீன் சொற்களை நினைவில் கொள்ளக் கொடியையும் (பாந்த்லி) கள்ளிப்பழத்தையும் (நோச்த்லி) வரைந்தார்கள் என்று பாதிரியார் மெந்தியேத்தா குறித்திருப்பதும் இதே வழிமுறையைச் சேர்ந்தது.

திருமுழுக்குப் பெற்ற எளிய மக்களின் நிலை வேறு. 1560-இல் தொகுக்கப்பட்ட ஹுவேஷோட்ஸின்கோ குடிக்கணக்கில் வரிசை வரிசையாகத் தலைகள் வரையப்பட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் பெயர்க்குறி இடப்பட்டுள்ளது. பக்கத்தில் ரோமன் எழுத்தில் கிறித்தவப் பெயரும் நாவாத்ல் பெயரும் உள்ளன. குறி பெரும்பாலும் இரண்டாவதையே தருகிறது. ஓர் ஊரில் எத்தனையோ பேர் ஹுவான் என்றும் பேத்ரோ என்றும் இருந்தபோது, ஆளை அடையாளம் காட்டியது பழைய பெயரே என்று நினைக்கும்போது எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

இனி நாட்பெயர்கள். 20 நாட்குறிகளும் 13 எண்களும் சுழன்று வரும் 260 நாள் கணக்கில் ஒவ்வொரு நாளுக்கும் பெயர் உண்டு. எழுதும்போது நாட்குறியின் அருகில் எண்ணிக்கைக்கு ஏற்பப் புள்ளிகள் இடப்படும். மெண்டோசா சுவடியே பெயரிடும் சடங்கைக் காட்டுகிறது: பிறந்து நான்கு நாள் கழிந்தபின் மருத்துவச்சி குழந்தையை நீராட்டுகிறார், அருகில் அமர்ந்திருக்கும் மூன்று சிறுவர்கள் அதன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். 1402-இல் பிறந்த தெஸ்கோக்கோ அரசர் நெஸாவால்கோயோத்லுக்கு ‘செ மஸாத்ல்’, அதாவது ‘ஒன்று மான்’, என்பது நாட்பெயர். எனினும் சுவடிகளில் அவரைக் குறிப்பது நோன்பின் அடையாளமான முடிச்சிட்ட பட்டையை அணிந்த கொயோட்டி நரியின் தலை; ‘நோன்பிருக்கும் கொயோட்டி’ என்பதே அவரது பெயரின் பொருள். நாவா அரச குலத்தார் இரண்டாவது பெயராலேயே அறியப்பட்டார்கள். அதனால்தான் உங்களுக்கு நாட்பெயர்கள் குறைவாகத் தெரிகின்றன. தெற்கே மிஷ்தெக் மக்களின் சுவடிகளைத் திறந்தால் நிலைமை மாறிவிடும். அங்கே ‘எட்டு மான்’ என்னும் புகழ்பெற்ற அரசரைப் போல ஏறத்தாழ எல்லோரும் புள்ளிகளோடு கூடிய நாட்பெயரைத் தாங்கி நிற்பார்கள்.

பெண்களின் பெயர்களைப் பற்றி இதுவரை எவரும் பேசவில்லை என்பதால் இதையும் சேர்க்கிறேன். அரச மரபு வரைவுகளில் பெண்களுக்கும் குறி உண்டு. முதல் அரசர் ஆக்கமாப்பிச்த்லியின் மனைவி இலான்குவேய்த்லின் பெயரில் மூதாட்டியைக் குறிக்கும் சொல்லும் பாவாடையைக் குறிக்கும் சொல்லும் உள்ளன. குறியும் அவற்றைக் கொண்டே அமையும். எளிய குடும்பத்துப் பெண்களுக்கோ மூத்தவள் என்னும் ‘தெயாக்காபான்’, நடுவிலவள் என்னும் ‘த்லாக்கோ’, கடைக்குட்டி என்னும் ‘ஷோக்கோ’ போன்ற பிறப்பு வரிசைப் பெயர்களே மிகுதியாக வழங்கின. ஒரே ஊரில் பல வீடுகளில் ஒரே பெயர் இருந்ததால், பெயரை விட, எந்த வீட்டில் எந்த ஆணின் அருகில் அவள் வரையப்பட்டிருக்கிறாள் என்பதே அவளை அடையாளம் காட்டியது.

மைக்கூடு

செங்காந்தள் சுட்டிய மொதெயுக்ஸோமா எடுத்துக்காட்டை ஏற்கிறேன். ‘அறியாத பெயரையும் எளிதில் கண்டிருப்பார்’ என்று நான் எழுதியது வெர்காரா போன்ற சுவடிகளுக்குத்தான் பொருந்தும் என்று திருத்திக்கொள்கிறேன்.

ஓலைநறுக்கு அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெண்டோசா சுவடியில் படங்களுக்கு அருகில் உள்ள ரோமன் எழுத்துக் குறிப்புகளை அப்படியே நம்பிவிடாதீர்கள். கப்பல்கள் புறப்படப் பத்து நாள்களே இருந்த நிலையில் தம்மிடம் அது கொடுக்கப்பட்டதாக, விளக்கவுரை எழுதியவரே இறுதியில் குறைபட்டுக்கொள்கிறார். முதலில் குறிப்பை மறைத்துவிட்டுக் குறியை மட்டும் பாருங்கள். தெனோச்தித்லானின் கடைசி அரசரான குவாவ்தெமோக்கின் குறியை வேறு சுவடிகளில் தேடிப் பயில்வது நல்ல தொடக்கமாக இருக்கும். அதில் கழுகோடு (குவாவ்த்லி) மனிதக் கால்தடங்கள் கீழ்நோக்கிச் செல்வதைக் காண்பீர்கள். வானிலிருந்து பாயும் பறவை கால்தடம் பதிப்பதில்லை. அந்தத் தடங்கள் ‘இறங்குகிறது’ என்னும் பொருள்கொண்ட ‘தெமோ’ என்னும் வினைச்சொல்லுக்காகவே அங்கே வைக்கப்பட்டுள்ளன.